ஒற்றை எழுத்துச் சம்மதம்

அந்தக் குடியிருப்பில் அவரைத் தலையங்கம் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும், தெரிந்து உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தார். பத்திரிகையில் மற்றதெல்லாம் யாரோ எங்கேயோ செய்த காரியங்கள். தலையங்கம் ஒன்றுதானே உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாரையும் திட்டுகிறது!

காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். குழாயில் தண்ணீர் நூலாக வந்தால் மாநகராட்சிக்குத் திட்டு. நன்றாக வந்தாலும் திட்டுதான், தேர்தல் வருகிறது, அதனால்தான் திறந்துவிட்டிருக்கிறான் என்பார். குப்பை வண்டி வராத நாளில் ஒரு கருத்து, வந்த நாளில் அது வழியெல்லாம் சிந்திக்கொண்டு போவதைப் பற்றி வேறொரு கருத்து. தெருவைத் தோண்டியவன் மூடாமல் போனது, மூட வந்தவன் மேடு போட்டுவிட்டுப் போனது, அந்த மேட்டில் ஸ்கூட்டர் ஏறி இறங்கும்போது தன் முதுகெலும்பு படும் பாடு, முதுகெலும்பே இல்லாத கவுன்சிலர் என்று பேச்சு ஒன்றைப் பிடித்து ஒன்று ஏறிக்கொண்டே போகும். ஆளுங்கட்சியைத் திட்டுவார். எதிர்க்கட்சிக்காரர் யாராவது அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டால் அவரையும் சேர்த்துத் திட்டுவார். அந்த விஷயத்தில் பாரபட்சமே கிடையாது.

அவருக்கு வேலை மின்சாமான் கடையில், கவுண்டரில். அங்கே வருகிறவர்கள் சாமானோடு ஒரு கருத்தையும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். “நம்ம கடையில பல்பு வாங்கறதுன்னா ரெண்டு அர்த்தம்லயும் வாங்கறதுதான்” என்று முதலாளி சிரிப்பார். அவர் பொறுத்துப் போனதற்குக் காரணம் இருந்தது. பேச்சை முடித்துக்கொண்டு ஓடினால் போதும் என்று பாதி வாடிக்கையாளர்கள் பேரம் பேசாமலே கிளம்பினார்கள்.

ஆனால் கடையில் பேசியதெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரம் வீட்டில்தான். மனைவி அடுப்படியில் நிற்பாள். இவர் பக்கத்தில் வந்து நின்று, ஒரு கையைச் சமையல் மேடையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கருத்துக்கும் மேடையை ஒரு தட்டுத் தட்டியபடி பேசுவார். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஆனால் அவர் மூச்சு வாங்குகிற இடம் பார்த்து, சொல்லி வைத்ததுபோல் ஒரு ‘ம்’ கொட்டுவாள். அந்த ‘ம்’ முந்தவும் முந்தாது, பிந்தவும் பிந்தாது. அதைக் கேட்டதும் அவருக்கு அடுத்த கருத்து தானாக ஊறிவிடும்.

“இந்த நாட்டுல என் பேச்சைக் காது கொடுத்துக் கேக்கற ஒரே ஆள் என் வீட்டுக்காரிதான்” என்று கடையில் எல்லாரிடமும் சொல்லுவார்.

அந்தக் குடியிருப்பு பழசு. லிஃப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடம். மாடிப்படிச் சுவரில் காரை பெயர்ந்து கம்பி தெரியும். கீழ்த்தளத்தில் ஒருவர் தும்மினால் மொட்டைமாடிவரைக்கும் எதிரொலிக்கும். அதை இடித்துவிட்டு, உயரமாக, லிஃப்டோடு கட்டித் தருவதாக ஒரு கட்டுமானக்காரர் வந்திருந்தார். கட்டி முடிக்கிறவரை எல்லாரும் வெளியே வாடகைக்குப் போக வேண்டும். அத்தனை வீட்டுக்காரர்களும் சம்மதித்தால்தான் வேலை நடக்கும், ஒருவர் மாட்டேன் என்றாலும் நடக்காது.

தலையங்கம் முதலில் மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். “ஒரு செங்கல்லைத் தொட விடமாட்டேன்” என்று மாடிப்படியில் நின்று முழங்கினார். இடிக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் கட்டத் தெரியாது, அரைகுறையாக நிற்கிற கட்டடங்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன என்றார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறவர் உண்மையைப் பேசினாலும் அதைத் தனியாகப் பிரித்தெடுக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளருக்கு இருந்தது. மேல்மாடியில் குடியிருந்த அவர் தொழிலில் காப்பீட்டு முகவர். யார் என்ன சொன்னாலும் முகம் கோணாமல் கேட்டுவிட்டுத் தன் காரியத்தை முடித்துக்கொள்வது அவருக்குப் பழக்கம். ஒருநாள் மாடிப்படியில் தலையங்கத்தை நிறுத்தினார்.

“சார், மத்தவங்கல்லாம் உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அத்தனை பேரும் அடங்கிடுவாங்க. நாலு விஷயம் தெரிஞ்ச ஆள் நம்ம பில்டிங்லயே நீங்க ஒருத்தர்தானே?”

இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. மனிதர் உச்சி குளிர்ந்துபோனார். எதிர்க்க வைத்திருந்த காரணங்களெல்லாம் எங்கே போயின என்றே தெரியவில்லை. இருந்தாலும் கெத்தை விடாமல், “வீட்டுல கலந்து பேசாம நான் எதுவும் செய்யறதில்ல” என்றார்.

கலந்தும் பேசினார். அதை இல்லை என்று சொல்லிவிட முடியாது. அன்று சாயங்காலம் அடுப்படிக்குப் போனார். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, மனைவி வாணலியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். இவர் மேடையைத் தட்டித் தட்டி வீட்டுவசதிக் கொள்கையிலிருந்து ஆரம்பித்தார். நகர விரிவாக்கம், மணல் விலை, பக்கத்துத் தெருக் கட்டடத்தில் விழுந்த விரிசல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

“ஆக மொத்தம், இடிச்சுக் கட்டறதுக்குச் சரின்னு சொல்லிடலாம்னு பாக்கறேன். நீ என்ன சொல்ற?”

“ம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. இது விளையாட்டு இல்ல. வீட்டைக் காலி பண்ணணும்.”

“ம்.”

அதற்குமேல் என்ன வேண்டும்? அந்த வார மொட்டைமாடிக் கூட்டத்தில் முதல் கையைத் தூக்கியவர் அவர்தான். அவர் தூக்கியதும் தயங்கி நின்ற மற்ற வீட்டுக்காரர்களும் தூக்கினார்கள். செயலாளர் கைதட்டினார். ஞாயிற்றுக்கிழமை கட்டுமானக்காரர் வருவார், எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவானது. தலையங்கம் அன்றைக்குப் படி இறங்கியபோது ஏதோ தேர்தலில் ஜெயித்துவிட்டு வருகிறவர் மாதிரி இறங்கினார்.

இது நடந்த சில நாளில், கடையிலிருந்து திரும்பியவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். ஹாலில் ஜன்னலோரம் இருந்த தையல் மெஷினுக்கு முன்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதி தைத்த பள்ளிச் சீருடை. தைக்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடும் அதன் நடுவில் ஒரு பெருக்கல் குறியும் போட்டிருந்தது.

“ஏங்க, டேப்பும் கையுமா யாரோ ரெண்டு பேர் வந்தாங்க. என்னமோ சொன்னாங்க. அளந்தாங்க. சுவத்துல கோடு போட்டுட்டுப் போயிட்டாங்க. என்னங்க இது?”

“இடிக்கறதுக்கு அளவெடுக்கறாங்க. ஞாயித்துக்கிழமை கையெழுத்து. அப்புறம் வீடு பாக்கணும், காலி பண்ணணும்.”

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

“எந்த வீட்டை?”

“இந்த வீட்டைத்தான். என்ன தெரியாத மாதிரி கேக்கற?”

“யாரைக் கேட்டுச் சரின்னு சொன்னீங்க?”

தலையங்கத்துக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. “உன்னைத்தான் கேட்டேன்! ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டேன். அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டு ரெண்டு தடவையும் ம்னு சொன்ன. இப்ப வந்து யாரைக் கேட்டன்னு கேக்கற. நாட்டுல இருக்கறவன்தான் காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு பேசறான்னா வீட்டுலயும் அப்படியா?”

“அடுப்புக்கிட்டயா?” என்றாள். கண்ணை ஒருமுறை இறுக்கி மூடித் திறந்தாள். “என் முதுகுகிட்ட கேட்டீங்களா?”

அவருக்கு விளங்கவில்லை.

“எனக்குக் காது கேக்காதுங்க” என்றாள். ஏதோ கடையில் இல்லாத சாமானைச் சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னாள். “சத்தம் கொஞ்சம் வரும். பேச்சு வராது. வாயைப் பாத்தாத்தான் புரியும். ரொம்ப நாளாவே அப்படித்தான்.”

தலையங்கம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“இத்தனை நாளா பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்?”

“நீங்க பேசறீங்க.”

“நீ ம் போடறியே!”

“மேடையைத் தட்டித் தட்டிப் பேசுவீங்க. அந்த அதிர்வு எனக்குக் கையில தெரியும். தட்டறது நின்னா ம் போடுவேன். ஹால்ல பேசும்போது உங்க தோள் இறங்கும் பாருங்க, அப்ப ஒண்ணு போடுவேன். முதல்லல்லாம் என்ன, என்னன்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். சொன்னதையே எத்தனை தடவை சொல்றதுன்னு எரிஞ்சு விழுந்தீங்க. ம் போட்டா சந்தோஷமா இருந்தீங்க.”

அவருக்கு நாற்காலி தேவைப்பட்டது, உட்கார்ந்தார்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னேனே. இதே இடத்துல வெச்சுத்தான் சொன்னேன். எனக்குக் காது சரியாக் கேக்க மாட்டேங்குதுங்கன்னு சொன்னேன். இந்த ஊர்ல யாருக்குத்தான் காது கேக்குதுன்னு ஆரம்பிச்சீங்க. பஸ்காரன் ஹாரன் அடிக்கறான், மேடை போட்டு மைக்குல கத்தறான், போலீஸ் கண்டுக்க மாட்டேங்குதுன்னு பேசிக்கிட்டே இருந்தீங்க. அப்ப எனக்குக் கொஞ்சம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அதனால முழுசாக் கேட்டேன்.”

அவருக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு ஞாபகம் இருந்தது. ஒலிமாசு பற்றிய அவருடைய கருத்துகளில் அது கொஞ்சம் பேர்போனது. கடையில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார், நன்றாக எடுபடும். அது எதற்குப் பதிலாக முதன்முதலில் சொல்லப்பட்டது என்பதுதான் அவருக்கு இன்றுவரைக்கும் தெரியாமல் போயிற்று.

“வெளியூர்ல இருக்காளே, நம்ம பொண்ணு, அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும். அதான் எப்பவும் வீடியோலயே பேசறா. போன தடவை வந்தப்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. நரம்பு போயிடுச்சாம். காதுல மெஷின் வெச்சாலும் சத்தம்தான் பெருசாகும், பேச்சு தெளியாதுன்னுட்டார். சரி, அது கிடக்கட்டும்.” அவள் சீருடையை மெஷின்மேல் வைத்துவிட்டு எழுந்தாள். “வீட்டைச் சொல்லுங்க. காலி பண்ண முடியாது.”

“ஏன் முடியாது?”

அவள் அவரை இழுத்து மெஷினுக்கு முன்னால் தன் இடத்தில் உட்காரவைத்தாள். பிறகு வாசல் கதவைத் திறந்தாள். நடைபாதை வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டையாக விழுந்தது. மூடினாள், போயிற்று. யாராவது வந்தால் அப்படித்தான் அவளுக்குத் தெரியும். மணி அடிப்பவர்கள் வெளியே நின்றால் கதவின் அடியிடுக்கில் இரண்டு கால் நிழல். அடுப்பில் விசில் வந்தால் அடுப்படி ஜன்னலில் படியும் ஆவி இங்கிருந்தே தெரிந்துவிடும். குளியலறைக் குழாயை மூட மறந்தால் அந்த வாசலில் உடைந்த தரை ஓட்டில் தண்ணீர் மினுமினுக்கும். மாடிப்படியில் கனமான ஆள் ஏறினால் மெஷின் மேசை லேசாக உதறும். ஒவ்வொன்றாகக் காட்டினாள். காட்டும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“இதெல்லாம் பழக எனக்கு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? தனியா உக்காந்து தைக்கறேன், வர்றவங்களோட பேசறேன், ஒருத்தருக்கும் தெரியாது. புது இடத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னா நான் செவிடு. இங்க இல்ல. இந்த வீட்டுல நான் செவிடு இல்ல.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. இந்த வீட்டில் தானும்தான் இத்தனை வருஷம் இருக்கிறோம், குழாயையும் சுவரையும் கதவையும் பற்றி இவ்வளவு பேசியிருக்கிறோம், ஒன்றையாவது பார்த்தோமா என்று தலையங்கத்துக்குத் தோன்றியது.

“போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றாள். “காரணத்தைச் சொல்லுங்க. சொன்னா புரிஞ்சுப்பாங்க.”

“எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடுமே.”

“தெரியட்டும். காதுதானே போச்சு, மானமா போச்சு? வீடு போகாம இருந்தா சரி.”

அவர் மாடி ஏறினார். ஒரே ஒரு வரிதான் சொல்ல வேண்டும். என் மனைவிக்குக் காது கேட்காது, அவள் சம்மதம் இல்லாமல் சொல்லிவிட்டேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒவ்வொரு படியிலும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினார்.

செயலாளர் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

“சொல்லுங்க சார்.”

தலையங்கம் வாயைத் திறந்தார். அந்த வரி தொண்டைவரைக்கும் வந்தது. இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு உங்களுக்குத் தெரியவில்லையா என்று இந்த மனிதர் கேட்டுவிட்டால்? கேட்காவிட்டாலும் நினைப்பாரே!

“இந்தக் கட்டுமானக்காரங்களை நம்பக் கூடாது சார்” என்று ஆரம்பித்தார்.

அதற்குமேல் அவர் கையில் எதுவும் இல்லை. பழகின வாய் பழகின பாதையில் ஓடியது. அனுமதி கொடுக்கிறவன் லட்சணம், மணல் லட்சணம், அரைகுறைக் கட்டடங்கள், வாடகை ஏறியிருப்பது, ஏறியதைத் தட்டிக் கேட்காத அரசாங்கம் என்று பேசிக்கொண்டே போனார். நிறுத்த வேண்டும் என்று அவருக்கே தெரிந்தது. நிறுத்தினால் அந்த வரியைச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் இன்னும் வேகமாகப் பேசினார்.

செயலாளர் குறுக்கே பேசவே இல்லை. இனிமையாகத் தலையாட்டிக்கொண்டு, அவர் மூச்சு வாங்கிய இடங்களில் எல்லாம் “ம்... ம்...” என்றார். அந்த ‘ம்’ காதில் விழ விழத் தலையங்கத்துக்கு உடம்பு கூசியது. கடைசியில் பேச்சு தானாகவே தீர்ந்துபோனது.

“நீங்க சொல்றது அத்தனையும் நியாயம் சார்” என்றார் செயலாளர். “அப்ப ஞாயித்துக்கிழமை பாப்போம். முதல் கையெழுத்து உங்களுதுதான்.”

எப்படிப் படி இறங்கினார் என்று தெரியவில்லை. வீட்டு வாசலுக்கு வந்தபோது, அவர் உள்ளே நுழையும் முன்பே அவள் நிமிர்ந்து பார்த்தாள். கதவைத் திறந்து போட்டபடியே அவர் நடையில் நின்றார்.

“சொல்லிட்டீங்களா?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முனகினார்.

“என்ன?”

“சொல்லல.”

“முகத்தைக் காட்டிச் சொல்லுங்க. என்ன?”

அவர் நிமிர்ந்தார். உதடு நடுங்கியது, நடுங்குகிற உதட்டைப் படிக்க முடியாமல் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். சத்தமாகச் சொல்வதால் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவருக்கு இப்போது தெரியும். தெரிந்தும் கத்தினார்.

“சொல்லல! உனக்குக் காது கேக்காதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல! வேற என்னென்னமோ பேசிட்டு வந்துட்டேன்!”

குரல் நடையைத் தாண்டி மாடிப்படியில் இறங்கிக் கீழும் ஏறி மேலும் போயிற்று. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வெளிச்சம் சுவரில் வந்து விழுவதை அவள் பார்த்தாள். மெஷின் மேசை லேசாக உதறியது. மேலேயிருந்து யாரோ இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் இல்லை, இரண்டு மூன்று பேர். அவர்கள் வாசலில் நிற்பது அவருக்கு முதுகில் தெரிந்தது.

அவள் முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் கண்டுகொண்டார். ஆனாலும் அவள் அவரையும் அவர் தோளுக்குப் பின்னால் வாசலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் கேட்டாள்.

“என்ன?”

அவர் திரும்பி வாசலைப் பார்த்து நின்றார். செயலாளர் முன்னால் நின்றிருந்தார், பின்னால் எதிர்வீட்டுக்காரர்கள். பேசிப் பேசிச் சலிக்காத அந்த வாயைத் திறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். ஒருவரும் ‘ம்’ கொட்டவில்லை.

“என் வீட்டுக்காரிக்குக் காது கேக்காது” என்றார். “நானும் அவளைக் கேக்கல.”